பதிவில் இருந்த எண்

கடைசியாக அம்மாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, சமையலறை மின்விசிறிக்குக் கெப்பாசிட்டர் மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன். மூன்று நாளாக அந்த விசிறி கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றியது. அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நான் மேலே ஏறி மூடியைக் கழற்றினேன்.

"மெயின ஆப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேம்மா. என் பொழப்பே அதான்."

"உன் பொழப்பு கம்பெனில. இது ஊடு. இன்னொரு வாட்டி போய்ப் பாரு."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஆப் ஆகித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு முறை இறக்கி ஏற்றியதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

புதுக் கெப்பாசிட்டரை அவளே வாங்கி வைத்திருந்தாள். பழையதில் அச்சிட்டிருந்ததை ஒரு துண்டுத் தாளில் பார்த்து எழுதி, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் காட்டி வாங்கியிருக்கிறாள். இரண்டரை மைக்ரோஃபாரட். சரியான அளவு. ஆனாலும் நான் பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். சரியாகவே காட்டியது.

"எவ்ளோ குடுத்த?"

"எம்பது."

"அம்பது ரூபா சாமான்மா இது. என்கிட்ட சொல்லியிருந்தா நானே வாங்கியாந்திருப்பேன்ல?"

"காத்து இன்னிக்கு வேணும்ல, மேனேஜரம்மா."

விசிறி சுற்றியது. அதற்குக் கீழே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். மாலை ரயிலில் நான் பொன்னேரியில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதிலிருந்து ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, அம்மா இறந்துபோனாள். மூளையில் ரத்தக்கசிவு. ஐம்பத்தேழு வயது.

அம்மாவின் பெயர் ரோசம்மாள். ஆரணிப் பக்கம் பிறந்தவள். அவளுடைய அம்மா அப்பா இருவரும் வயல் கூலிகள். நடவு முடிந்த நாளில் இரண்டு பேருடைய கூலியையும் சேர்த்து ஆம்பளை கையில் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அம்மாவும் பதினோரு வயதில் நாற்றுக்கட்டு சுமக்கப் போனாள். அவளுடைய கூலி தாத்தா கையில் போனது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் கையெழுத்து அழகாக இருக்கும். எழுத்துகளுக்கு நடுவே ஒரே அளவு இடம் விட்டு எழுதுவாள்.

அப்பாவின் பெயர் எட்வர்ட். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. கல்யாணமானதும் இங்கே வந்தார்கள். எனக்கு நான்கு வயதானபோது அம்மா ஒரு கெமிக்கல் கம்பெனியின் கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடம் அதே வேலை. அண்டாக்களுக்குப் போடும் சோடாத்தூள் அவள் விரல் நுனிகளைத் தேய்த்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் அவள் விரலை ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. "என் கைய அந்த மிசினுக்கே தெரியாது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த விரலை வைப்பாள்.

கேண்டீன் காண்டிராக்டர் பிறகு சம்பளத்தை வங்கியில் போட ஆரம்பித்தார். கணக்கு அம்மா பேரில். ஏ.டி.எம். கார்டு அப்பா சட்டைப் பையில்.

அப்பாவைப் பற்றித் தப்பாக எழுத எனக்கு ஒன்றுமில்லை. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். தினமும் காலையில் வீட்டுச் செலவுக்கு நூற்றைம்பது ரூபாயை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, பறக்காமலிருக்க அதன் மேல் அம்மாவின் மருந்து பாட்டிலை வைத்து வேலைக்குப் போவார். அதற்கு மேல் வேண்டுமென்றால் அம்மா கேட்க வேண்டும். கேட்டால் இல்லை என்று சொன்னதில்லை. "எதுக்கு?" என்பார். கோபமாக இல்லை. சும்மா கேட்பார். அம்மா காரணம் சொல்வாள். பணம் வரும்.

எனக்கு நாப்கின் வாங்க வேண்டிய வயது வந்தபோது, அந்தக் காரணத்தை அவரிடம் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. துவரம்பருப்பு என்று சொன்னாள். பிறகு வேறு பல செலவுக்கும் அதையே சொன்னாள். அப்பாவுக்குத் தெரிந்த வரையில் எங்கள் வீட்டில் மாதம் நான்கு கிலோ துவரம்பருப்பு தீர்ந்தது. ஒரு நாள் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இவ்ளோ பருப்பும் எங்க போவுதுடி, சாம்பாரு தண்ணியாத்தானே கீது?" என்றார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். நானும் ஓடினேன். இரண்டு பேரும் அங்கே நின்று சிரித்தோம்.

அன்றைக்குச் சிரித்தேன். வளர்ந்த பிறகு கோபம் வந்தது. பாலிடெக்னிக்கில் கருவியியல் டிப்ளமோ முடித்து, தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் சம்பளம் என் கணக்கில் விழுந்த அன்று, என் கார்டை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று வீட்டில் அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை. அம்மா மட்டும், "நல்லா வெச்சிக்கோ" என்றாள்.

அம்மா பேரில் கடன்களும் இருந்தன. எங்கள் தெரு மகளிர் குழுவில் அவள் ஆரம்பத்திலிருந்து உறுப்பினர். குழுத் தலைவி ஜோதிலட்சுமி, நான் ஜோதி அத்தை என்று கூப்பிடுவேன். குழுவில் அம்மா எட்டு முறை கடன் எடுத்தாள். வீட்டுக்குக் கூரை ஷீட். அப்பாவுக்கு வண்டி. சித்தப்பா வீட்டில் ஒரு ஆபரேஷன். என் பாலிடெக்னிக் கட்டணம் இரண்டு தடவை. என் கல்யாணம். மற்ற இரண்டும் அப்பாவின் தங்கைக்கு. எட்டிலும் கையெழுத்து அம்மாவுடையது. எட்டையும் ஒரு தவணை பிந்தாமல் கட்டினாள். ஒன்றுகூட அவளுக்காக எடுத்ததில்லை. இதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. அவள் போன பிறகு எண்ணினேன்.

அப்பா 2019இல் மாரடைப்பில் போனார். அதன் பிறகு அம்மாவுக்கு நான் ஒரு புதுக் கணக்கு திறந்தேன். பழைய கணக்கில் அப்பாவின் செல் எண் பதிவாகியிருந்தது. அம்மாவின் பட்டன் போனில் இருந்த சிம்மும் அப்பா பேரில்தான் வாங்கியது. இறந்தவர் பேரில் உள்ள எண் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். அதனால் படிவத்தில் என் எண்ணை எழுதினேன். அந்த மாதம் எங்கள் கம்பெனியிலேயே இரண்டு பேர் போனில் வந்த ஓடிபியைச் சொல்லிப் பணத்தை இழந்திருந்தார்கள். அம்மாவுக்கு அப்படி ஒரு எண்ணே வராமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். கார்டை அவள் கையில் கொடுத்தேன். வங்கி வாசலில் வைத்து, "இனிமே உன் துட்டு உன் கைல" என்று சொன்னேன். நான் சொன்ன வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு கேண்டீனில் காண்டிராக்டர் மாறினார். பழைய ஆட்களை எடுக்கவில்லை. அம்மா இரண்டு மாதம் சும்மா இருந்தாள். எங்கள் தெருவுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி ஒடிசா, பீகார்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர்கள் ஷிப்ட் முடித்து வந்து சமைக்க முடியாமல் பிஸ்கட் தின்பதை அம்மா பார்த்தாள். கேண்டீனில் சப்பாத்தி போடுபவரைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்த வேலை வரும். முதலில் பத்து சப்பாத்தி. பிறகு முப்பது. கடைசியில் காலை ஐந்து மணிக்கு எண்பது, மதியம் பன்னிரண்டரைக்கு எண்பது, கூட உருளைக்கிழங்கு. காசை வாராவாரம் கணக்கில் போட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு வரவும் என் போனுக்கு வந்தது. ஒவ்வொரு செலவும் வந்தது.

கம்பெனியில் செல்போனை வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்ததும் செய்திகளைப் பார்ப்பேன். எண்ணூறு எடுத்திருக்கிறாள். இரண்டாயிரம் எடுத்திருக்கிறாள். பஸ் வருவதற்குள் அம்மாவைக் கூப்பிடுவேன். சாப்பிட்டியா என்பேன். பிறகு, "ரெண்டாயிரம் எடுத்தியே, எதுக்கு?" என்பேன்.

கோபமாக இல்லை. சும்மா கேட்பேன்.

பத்தாயிரத்துக்கு மேல் எடுக்க வேண்டுமென்றால் ஏ.டி.எம்.மில் ஓடிபி கேட்கும். அது என் போனுக்குத்தான் வரும். கோதுமை மாவு மூட்டைகளை மொத்தமாக வாங்கும் நாட்களில் நான் எந்த ஷிப்ட் என்று பார்த்து அம்மா பணம் எடுக்கப் போவாள். என் ஷிப்ட் அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். மகள் எப்போது வீட்டில் இருப்பாள் என்று தெரிந்துகொள்ளத்தான் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

போன வருடம் ஜூன் மாதம், என் வார விடுமுறை நாளில், காலை ஒன்பதரைக்கு ஒரு ஓடிபி வந்தது. உங்கள் பேரில் கடன் விண்ணப்பத்துக்குச் சம்மதம் தெரிவிக்க, பத்து நிமிடத்துக்குள் என்று இருந்தது. அம்மாவைக் கூப்பிட நான் எடுத்த போனிலேயே அம்மாவின் அழைப்பு வந்தது.

"கண்ணு, ஒரு நம்பர் வந்துக்குதா?"

"வந்துக்குது. உன் பேர்ல எவம்மா லோன் போட்டது?"

"நாந்தாம்மா. குழுவுல. லோன் குடுக்கற சார் வந்து குந்திக்கினு கீறாரு."

"எதுக்கு?"

"மிசின் ஒண்ணும்மா. சப்பாத்தி அமுக்குறது. உருண்டைய வெச்சி கைப்பிடிய இஸ்து அமுக்குனா போதும். செங்குன்றத்துல மெஸ் ஒண்ண மூடறாங்க. முப்பத்தெட்டாயிரம் சொல்றாங்க."

"முப்பத்தெட்டாயிரமா? அது எத்தினி கிலோவாட்னு கேட்டியா?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?"

"கேட்டுச் சொல்லு. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

"சாரு போயிடுவாரும்மா."

"அடுத்த வாரம் வரட்டும். ஒண்ணும் குடிமுழுகிப் போவாது."

பின்னால் யாரோ ஒரு பெண் ஏதோ சொல்ல எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா, "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

நான் பார்த்தேன். அதையும் சொல்ல வேண்டும். அந்த மெஷினின் விவரங்களை இணையத்தில் தேடினேன். மூன்று கிலோவாட். எங்கள் சமையலறையில் ஓடுவது ஒரு சதுர மில்லிமீட்டர் வயர். அந்தச் சுமையை அது தாங்காது. மாலையில் அம்மாவைக் கூப்பிட்டு விளக்கினேன். வயர் சூடாகும், உருகும், தீப்பிடிக்கும். எல்லாம் சரியான தகவல். அம்மா, "அப்போ வேணாம்மா" என்றாள்.

இரண்டரை சதுர மில்லிமீட்டரில் ஒரு தனி லைன் இழுத்தால் போதும். முப்பது மீட்டர் வயர், ஒரு சுவிட்ச், ஒரு பிளக் பாயிண்ட். எனக்கு அரை நாள் வேலை. கம்பெனியில் இதைவிடப் பெரிய வேலையைத் தினமும் செய்கிறேன். அன்று அது என் மனதுக்கே வரவில்லை. வயர் தாங்காது என்று தெரிந்ததும் என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். மெஷினை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மா நூற்றறுபது சப்பாத்தியையும் கட்டையாலேயே தேய்த்தாள்.

நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. இரண்டாவது ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். உங்கள் கணக்கின் செல் எண்ணை மாற்றக் கோரிக்கை வந்துள்ளது, இது நீங்கள் இல்லையென்றால் உடனே அழைக்கவும் என்று இருந்தது.

உடனே அழைத்தேன். கார்டை முடக்கச் சொன்னேன். கணக்கையும் நிறுத்தி வைக்கச் சொன்னேன். எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கார்ட யார்கிட்டயாவது குடுத்தியா?"

"இல்லியேம்மா. ஏன்?"

"எவனோ உன் அக்கவுண்ட்ல நம்பர மாத்தப் பாத்தான். மாத்தியிருந்தா மொத்தத்தையும் உருவியிருப்பான். நல்ல வேளை என் நம்பர் இருந்துச்சி. பிளாக் பண்ணிட்டேன்."

"அப்டியா?"

"பயப்படாத. நான் பாத்துக்கறேன்."

"சரிம்மா. நல்லதும்மா" என்றாள்.

புதுக் கார்டு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் அம்மா மாவுக்கு என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம் பாதுகாப்பைப் பற்றி யாராவது ஒருவர் பேச வேண்டும். அந்த வாரம் நான் பேசினேன். என் அம்மாவின் கணக்கை ஒரு திருடனிடமிருந்து எப்படிக் காப்பாற்றினேன் என்பதுதான் தலைப்பு. பெரியவர்களின் கணக்கில் உங்கள் எண்ணைப் பதிவு செய்யுங்கள் என்று சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். மூன்று பேர் அதே வாரம் தங்கள் அம்மாக்களின் கணக்கில் தங்கள் எண்ணை மாற்றிவிட்டதாக என்னிடம் வந்து சொன்னார்கள்.

பிப்ரவரி ஞாயிறு ஒன்றில் விசிறி வேலை. அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் காலை ஐந்து மணிக்குச் சப்பாத்தி வாங்க வந்தவர்கள், அம்மா அடுப்புக்கு முன்னால் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தார்கள். அவர்களே அடுப்பை அணைத்து, ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். எனக்கு முதல் ஷிப்ட். என் எண்ணை விசாரித்து அவர்கள் கூப்பிட்டபோது போன் லாக்கரில் இருந்தது. பதினாறு அழைப்புகள். நான் போனபோது மருத்துவமனையில் துணி போர்த்தியிருந்தார்கள். ரத்த அழுத்தம் வெகு நாளாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். தேய்த்து உருட்டும் வேலையால் இது வருமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். வராது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அடக்கம் செய்தோம்.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஜோதி அத்தை மட்டும் உட்கார்ந்திருந்தார். இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத உன்கிட்ட குடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சிக்கினே இருந்தேன், சுகிர்தா."

"இன்னாத்த அது?"

"மொதல்ல ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. எங்க குழுவுல உனக்கு இன்னா பேரு தெரியுமா?"

"எனக்கா? தெர்லியே."

"ரோசம்மா மாமியா."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"லோன் பேச்சு எடுத்தா எவளாவது ஒருத்தி கேட்ருவா, 'இன்னா ரோசம்மா, மாமியாகிட்ட பெர்மிசன் வாங்கிட்டியா?'ன்னு. அவளும் சிரிப்பா. 'எம்மாமியா தங்கம்டி. பொடவ எடுத்துத் தரா, மாத்திர வாங்கித் தரா. கேள்வி கேக்கறது மட்டுந்தான் கொற'ன்னுவா."

எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவின் குரலிலேயே சொன்னார். கடன் ஓடிபி வந்த அன்று போனில் கேட்ட சிரிப்பு அதுதானா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

பிறகு நவம்பர் விஷயத்தைச் சொன்னார். கார்டை யாரும் திருடவில்லை. அம்மா தன் பேரில் ஒரு சிம் வாங்கியிருக்கிறாள். விரல் பதியாததால் செல்போன் கடை அன்புராஜ் மூன்று நாள் அலையவிட்டு, கடைசியில் முகத்தைப் படம் எடுத்துப் பதிவு செய்து கொடுத்திருக்கிறான். அவனே அம்மாவை ஏ.டி.எம்.முக்குக் கூட்டிப்போய் எண்ணை மாற்றவும் உதவியிருக்கிறான்.

"புது நம்பருக்கு மட்டுந்தான் மெசேஜ் வரும்னு சொன்னான் அந்த அன்புராஜ். பழைய நம்பருக்கும் வரும்னு அவனுக்கே தெர்ல. நீ போன் பண்றப்ப உங்கம்மா அந்த ஏ.டி.எம். மிசினுக்கு முன்னாலதான் நின்னுக்கினு இருந்தா. நானும் பக்கத்துல இருந்தேன்."

"திருடன்னு சொன்னேன்" என்றேன்.

"சொன்ன. வெளில வந்து, 'இன்னாடி, நான் திருடியாமே'ன்னு சிரிச்சா. ஆனா அன்னிக்கு டீ குடிக்கலாம் வாடின்னா வரல. நேரா ஊட்டுக்குப் பூட்டா."

அந்தப் பன்னிரண்டு நாளும் மாவுக்கு ஆறாயிரம் ரூபாய் கொடுத்தது ஜோதி அத்தைதான். அம்மா ஜனவரியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். ஆறாயிரம் எடுத்த செய்தி எனக்கு வந்திருக்கிறது. எதுக்கு என்று கேட்டேன். துவரம்பருப்பு விலை ஏறிப்போச்சி, மூட்டையா எடுத்துட்டேன் என்று சொன்னாள். நான் நம்பினேன். சப்பாத்திக்கு உருளைக்கிழங்குதான் தொட்டுக்கொள்ள என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நம்பினேன்.

"ஏன் அத்த என்கிட்ட நேரா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே மாத்திக் குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்பியா?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவிடம் என்ன கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"உங்கப்பன்கிட்ட கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் பழகிப்போச்சிம்மா. அது புருசன். 'பெத்த பொண்ணுகிட்ட கேட்டு நிக்கறதுக்கு வெக்கமா கீது ஜோதி'ன்னா. உன்ன ஒரு சொல்லு தப்பா சொன்னதில்ல. 'அது நல்லதுக்குத்தான் செய்து, அதுக்குத் தெர்ல'ன்னா. அவ்ளோதான்."

கவரை என்னிடம் கொடுத்தார். உள்ளே சிம் வாங்கிய அட்டை. பாஸ்புக் நகல். ஒரு விண்ணப்பம். ஏ.டி.எம். வழி அடைபட்ட பிறகு, வங்கியில் நேரில் எழுதிக் கொடுத்தால் பழைய எண்ணுக்குச் செய்தி போகாமலே மாற்றித் தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே கிளையில் கணக்கு உள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு மணியிலிருந்து ஒரு மணிக்குள் வர வேண்டும்.

விண்ணப்பத்தை அம்மாவே எழுதியிருந்தாள். ஒரே அளவு இடைவெளி. பழைய எண் என்ற இடத்தில் என் எண்ணை, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். புது எண் என்ற இடத்தில் அவளுடைய எண். நான் ஒரு முறைகூட அழைத்திராத எண். அழைத்துப் பார்த்தேன். ரீசார்ஜ் முடிந்துவிட்டதாகச் சொன்னது.

ஒட்ட வேண்டிய இடத்தில் புகைப்படம் ஒட்டியிருந்தது. சாட்சிக்கு உள்ள இடத்தில் ஜோதி அத்தை கையெழுத்துப் போட்டிருந்தார். தேதி, அடக்கம் நடந்த அந்தப் புதன்கிழமை.

ஜெபத்துக்கு மறுநாள், பின்பக்க அறைக்காரர்கள் நான்கு பேர் கடைசி வாரக் காசைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வங்கியில் போட வேண்டாம், பெண்ணிடமே கொடுத்துவிடலாம் என்று பேசி முடிவு செய்தார்களாம். நான் வேண்டாம் என்றேன். அவர்கள் கேட்கவில்லை. அவர்களில் மூத்தவர் ஒடிசாக்காரர், பத்து வருடமாக இங்கே இருக்கிறார், தமிழ் பேசுவார். அம்மா கடைசியாக என்ன பேசினாள் என்று அவரைக் கேட்டேன்.

"திங்கக்கெழம சாயங்காலம் வந்தாங்க. புதன் மதியம் சப்பாத்தி அரை மணி லேட்னு சொன்னாங்க. பேங்க்ல ஒரு வேலை, நானே போய் முடிக்கணும், கோச்சுக்காதீங்கன்னு சொன்னாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நாங்க எல்லாரும் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டோம், புதன்கிழம அரை மணி லேட்டா வரோம்னு. அம்மாகிட்டயும் சொன்னோம். மெதுவா போய்ட்டு வாங்க, காத்திருக்கோம்னு."